அரிப்புக் கரையும் அல்லிராணி கோட்டையும்

மன்னார் மாவட்டத்தின் தென்பகுதியில், முசலிப் பிரதேச செயலாளர் பிரிவின் வட எல்லையை அண்டி இருக்கிறது அரிப்பு என்னும் சிறிய கடற்கரைக் கிராமம். அனுராதபுரத்தைத் தழுவி ஓடிவரும் மல்வத்து ஓயா, வன்னிக்குள் நுழைந்ததும் அருவியாறு என்று பெயர் மாற்றிக்கொண்டு கடலில் கலப்பது இதற்கு அருகில்தான். கத்தோலிக்க மீனவர் வாழும் ஊர். மாதா கோவில், வாடிகள், கரையில் இழுத்துவிட்ட வள்ளங்கள், காயும் வலைகள் என்று பார்வைக்கு இந்தக் கரையோரத்தின் ஏனைய ஊர்களைப் போன்றதே. ஆனால் இதைச் சூழ்ந்த பத்துப் பதினைந்து மைல் கரைக்குள் இலங்கை வரலாற்றின் ஒரு பெரும் பகுதி கவனிப்பாரின்றிக் கிடக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அரிப்பு என்றால் கடலரிப்பு என்று இன்று எவரும் எண்ணுவர். மேட்டுக்கரையைக் கடல் தின்றுகொண்டிருப்பதைப் பார்ப்பவருக்கு அந்தப் பொருளே பொருத்தமாகத் தோன்றும். ஆயினும் அரித்தெடுத்தல், சலித்தெடுத்தல் என்பதும் அதே சொல்லின் பொருள்தான். மணலை அரித்துப் பொன்துகள் எடுப்பவனை அரிப்புக்காரன் என்பது பழந்தமிழ் வழக்கு. சிப்பி அழுகிய சேற்றை அரித்து முத்தெடுத்த கரைக்கு அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே. அயலூரான சிலாவத்துறையின் பெயருக்கு இத்தனை மயக்கமில்லை. சலாபம், சிலாபம் என்பன முத்துக்குளிப்பைக் குறிக்கும் சொற்கள். முத்துக்குளித்த துறை சிலாபத்துறையாயிற்று என்ற விளக்கம் பலரும் ஏற்றுக்கொண்டது.

அரிப்பில் முதலில் காணக்கிடைப்பது கோட்டை. கோட்டை என்றதும் காலியையோ யாழ்ப்பாணத்தையோ கற்பனை செய்துகொண்டு போகிறவர் ஏமாந்து போவார். போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் மன்னாரோடு சேர்த்து ஒல்லாந்தர் கைப்பற்றிய சிறு காவல் கோட்டை இது. ஏறத்தாழச் சதுரமானது, இரண்டு கொத்தளங்கள் கொண்டது. பிற்காலத்தில் வாடிவீடாகவும் பயன்பட்டு, இப்போது சுவர்களாய் நிற்கிறது.

இந்தச் சிறு கோட்டை உலக இலக்கியத்தோடு ஒரு நூலிழையால் கட்டுண்டிருக்கிறது. 1660 இல் மூதூருக்கு அருகே கொட்டியாரத்தில் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயரான ரொபட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் கைதியாய் வாழ்ந்தவர். சில்லறை வியாபாரி போல் ஊர் ஊராகத் திரிந்து வழி படித்துக்கொண்டு, ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன் அனுராதபுரம் வந்தார். அங்கிருந்து மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நடந்து, 1679 ஒக்டோபர் 18 இல் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை வந்தடைந்தார். ஆறு எங்கே போனாலும் கடலுக்குத்தான் போகும் என்ற எளிய நம்பிக்கை அவரைக் காப்பாற்றியது. 1681 இல் இலண்டனில் வெளியான அவரது இலங்கை பற்றிய நூல், டானியல் டீபோ ரொபின்சன் குருசோவை எழுதுவதற்குத் தூண்டிய நூல்களுள் ஒன்று என்று ஆய்வாளர் சொல்வர். மூதூரில் நொக்ஸின் பெயரால் ஒரு மரமும் நினைவுக்கல்லும் உண்டு. அவருக்கு விடுதலை கிடைத்த இடமாகிய அரிப்பை நினைப்பவர் குறைவு.

கோட்டையிலிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால் கடலை நோக்கிய ஒரு மண்மேட்டில் செங்கல் தூண்கள் தெரியும். ஆங்கிலேயர் இதை டொரிக் என்றனர். ஊரார் அல்லிராணி கோட்டை என்கிறார்கள். இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியான பிரடெரிக் நோர்த், 1801 இற்கும் 1804 இற்கும் இடையில் கட்டுவித்த மாளிகை அது. நோர்த் ஒரு விசித்திரமான மனிதர். கிரேக்கத்தின் மீது தீராத காதல் கொண்டவர். கோர்பு தீவில் 1791 இல் கிரேக்க வைதிகத் திருச்சபையில் இணைந்தவர். இலங்கையை விட்டுப்போன பின்பு, 1824 இல் அதே தீவில் கிரேக்க மொழிக்கென ஓர் உயர்கல்விக் கழகத்தை நிறுவியவர். அப்படிப்பட்டவர் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஒரு வீடு கட்டப் புகுந்தபோது, பழைய கிரேக்கரின் டொரிக் பாணியில் தூண்களை நிறுத்தியதில் வியப்பில்லை. வரைபடத்தையும் அவரே வகுத்தார் என்பர். கிரேக்கத்தில் சலவைக்கல் இருந்தது, முசலியில் இல்லை. செங்கல்லைக் கட்டி, சிப்பி ஓட்டைச் சுட்டெடுத்த சுண்ணாம்பைப் பூசி, மினுமினுக்கத் தேய்த்துச் சலவைக்கல்லாக்கினார்கள். கொழும்புப் படைப்பிரிவின் பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் கோர்டினர் 1807 இல் வெளியிட்ட தம் இலங்கை நூலில் இந்த மாளிகையை வாயாரப் புகழ்ந்துள்ளார்.

அந்தப் பூச்சு இப்போது திட்டுத் திட்டாகவே மிஞ்சியிருக்கிறது. கூரை போய் நெடுங்காலமாயிற்று. கடல் மேட்டின் அடியைக் குடைய, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்துவிட்டது. நாம் சென்றபோது காற்று பலமாக வீசியது. தூணொன்றைத் தொட்டுப் பார்த்ததில் கையில் செங்கல் தூள் ஒட்டிக்கொண்டது. கீழே அலை மோதும் ஒவ்வொரு முறையும் மண் சிறிது உதிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

தேசாதிபதியின் மாளிகை எப்படி ஓர் அரசியின் கோட்டையானது என்பது சுவையான கேள்வி. அல்லி அரசாணி மாலை தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வாய்வழியாகவும் அச்சிலும் பரவிய கதைப்பாடல். ஆண்களை அடக்கி ஆண்ட அல்லியை அருச்சுனன் சூழ்ச்சியால் மணந்த கதை அது. இந்தக் கரையோர மக்கள் அல்லியின் இராச்சியத்தைத் தெற்கேயுள்ள குதிரைமலை முனையில் நிறுத்தி, முத்துக்குளிப்பையும் அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். நோர்த்தின் பெயர் அவர்களது நாவில் நிற்கவில்லை. கட்டியவனை மறந்து, தமக்குத் தெரிந்த கதையிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து குடியிருத்தியதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. எனினும் வரலாறு எழுதும் சிலர் அல்லிராணியை மெய்யான அரசியாகவே எழுதிவிடுவது ஏற்கத்தக்கதன்று.

குதிரைமலையைப் பற்றியும் இவ்வாறே ஒரு மயக்கம் உண்டு. கி.பி. முதலாம் நூற்றாண்டில், அன்னியுஸ் ப்ளோகாமுஸ் என்ற உரோம வரிக் குத்தகைக்காரனின் ஆள் ஒருவன் அரபிக் கரையோரம் செல்கையில் காற்றால் அடித்துவரப்பட்டு இலங்கையின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தான் என்றும், அதன்பின் இலங்கையரசன் குளோடியுஸ் மன்னனிடம் தூதனுப்பினான் என்றும் பிளினி எழுதியிருக்கிறார். கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. ஆகவே ஹிப்புரோஸ் குதிரைமலையே என்று எமேர்சன் ரெனன்ற் போன்றோர் கொண்டனர். இது கவர்ச்சியான ஊகம், ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் புறநானூற்றுப் பிட்டங்கொற்றனின் குதிரைமலையும் இதுவே என்று நம்மவர் சிலர் எழுதுவது பெயரொற்றுமை ஒன்றை மட்டும் நம்பிய வாதம். அந்த மலையைக் கொங்கு நாட்டுப் பக்கம் வைப்பதே பெரும்பாலான அறிஞரின் கொள்கை. குதிரைமலை முனை இன்று வில்பத்து தேசிய வனத்தின் எல்லைக்குள் இருக்கிறது.

இனி முத்து. இக்கரைக்கு அப்பால் கடலடியில் பரந்திருக்கும் பாறைத் திட்டுகளைப் பார் என்பர். முத்துச்சிப்பி படிவது அங்கேதான். ஆண்டுதோறும் குளிப்பு நடப்பதில்லை. சிப்பி முற்றிய ஆண்டுகளில் மட்டும் அரசு அறிவித்தல் கொடுக்கும். அறிவித்தல் கிடைத்ததும் தூத்துக்குடி, கீழக்கரை, காயல்பட்டினம், யாழ்ப்பாணம், மன்னார், பிற்காலத்தில் பாரசீக வளைகுடா என்று எங்கெங்கிருந்தோ தோணிகள் வரும். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், விடிந்ததும் குளித்து, பிற்பகல் கடற்காற்றில் திரும்புவார்கள். ஒரு தோணியில் பத்துக் குளியாளிகள், அவர்களது கயிற்றைப் பிடிக்கப் பத்துப் பேர், ஐந்து கற்கள். இருவருக்கு ஒரு கல் என்பது கணக்கு. கல்லில் காலை வைத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தமிழன் இறங்குவான். அரபி கொம்பினால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்வான். ஒரு நிமிடத்துக்குள் வலைக்கூடையை நிரப்பிக் கயிற்றை அசைக்கவேண்டும். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரனான கடற்கட்டி கரையில் இல்லாமல் எவரும் நீரில் இறங்கமாட்டார்கள். அரசாங்கமே அவனை வேலைக்கமர்த்தியது. மந்திரத்தில் வெள்ளைக்காரனுக்கு நம்பிக்கையில்லை, வரியில் இருந்தது.

கல் என்ற சொல் அந்நாளில் உரிமையின் அளவாகவும் இருந்தது. இராமநாதபுரத்துச் சேதுபதிக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் வரியின்றிக் குளிக்க இத்தனை கல் என்று உரிமை இருந்தது. அதைப் பற்றிய தகராறுகளால் ஒல்லாந்தர் காலத்தில் குளிப்பே நடக்காத ஆண்டுகள் பல. பின்னாளில் பிரித்தானியர் கொண்டுவந்த முறையில் கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. அரசின் பங்கு அன்றிரவே ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். வாங்குவோர் செட்டிமாரும் கீழக்கரை, காயல் மரைக்காயர்மாரும் பம்பாய் வணிகரும். சிப்பியைத் திறந்து பார்த்து வாங்க முடியாது. உள்ளே முத்திருக்கிறதா இல்லையா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஆகவே இதைச் சூதாட்டம் என்றே பலர் எழுதினர். வாங்கிய சிப்பியைக் கொட்டு எனப்படும் அடைப்புகளில் அழுகவிட்டு, புழுக்கள் சதையைத் தின்று முடித்தபின் வள்ளங்களில் இட்டுக் கழுவி அரிப்பார்கள். கிடைத்ததைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து, ஆணி முதல் தூள் வரை தரம் பிரிப்பார்கள். ஐரோப்பிய அரசிகளின் கழுத்தில் ஒளிர்ந்தவற்றிற் பல இந்த நாற்றத்திலிருந்து போனவை.

இந்தக் கடலின் முத்தைப் பற்றி நம்மவர் எழுதும்போது இப்னு பதூதாவைத் தவறாது குறிப்பிடுவர். 1344 இல் பத்தாலாவில், அதாவது புத்தளத்தில், இறங்கிய அவர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அம்மன்னனிடம் முத்துகளைப் பரிசாகப் பெற்றார். பாவா ஆதம் மலைக்குப் போகவும் அவனிடமே உதவி கேட்டார். ஆனால் முத்தைக் கடலடியிலிருந்து எடுத்தவர்கள் யாரென்று அவர் பெயர் சொல்லவில்லை. அவருக்குப் பின் வந்த போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அப்படியே. சிப்பியின் எண்ணிக்கை ஒற்றை இலக்கம் வரை இருக்கிறது. கடலுக்குள் மூச்சடக்கியவனின் பெயர் அபூர்வம்.

குளிப்புக் காலத்துத் தற்காலிக நகரம் முதலில் கொண்டச்சி, சிலாவத்துறைப் பக்கம் அமைந்தது. பிற்காலத்தில் தெற்கே மறிச்சுக்கட்டிக்குப் பெயர்ந்தது. ஓலையாலும் கம்பாலும் கச்சேரி, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு, பள்ளிவாசல் எல்லாம் சில வாரங்களில் எழும். பல்லாயிரம் பேர் கூடுவர். குளிப்பு முடிந்ததும் காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். 1905 இல் நடந்த குளிப்பே மிகப் பெரியது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அரசுக்குச் சுமார் 25 இலட்சம் ரூபாய் வருமானம். அந்த உற்சாகத்தில் 1906 இல் முத்துப் பார்களை இலண்டன் கம்பனி ஒன்றுக்கு ஆண்டுக்கு 310,000 ரூபாய் வீதம் இருபதாண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907 உடன் பார் வெறுமையாயிற்று. சில ஆண்டுகளில் கம்பனியும் கலைந்தது. 1925 இல் ஒரு குளிப்பு நடந்தது. பிறகு வளைகுடாவையும் இக்கரையையும் ஒருசேர ஜப்பானின் வளர்ப்பு முத்து முடித்துவைத்தது.

1906 குளிப்பில் உத்தியோகம் பார்த்தவர்களுள் யாழ்ப்பாணக் கச்சேரியின் இளம் அதிகாரி லெனாட் வுல்ப்பும் ஒருவர். பின்னாளில் வேர்ஜினியா வுல்ப்பின் கணவர். 1961 இல் வெளியான தம் சுயசரிதையிலும், அதற்கு முன்னரே ஒரு சிறுகதையிலும் மறிச்சுக்கட்டியை எழுதியிருக்கிறார். அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈக்களின் மொய்ப்பும் அவற்றில் மறக்கவொண்ணாதபடி வருகின்றன. அரபுக் குளியாளிகள் தம்மை அதிகாரியாக அஞ்சாமல் மனிதனுக்கு மனிதனாக நடத்தியதை அவர் வியந்து பாராட்டுகிறார். உயிரிழந்த அரபி ஒருவனின் ஜனாஸாவைச் சகாக்கள் கரைக்குக் கொண்டுவரும் காட்சி, ஏகாதிபத்திய அதிகாரி ஒருவர் எழுதியவற்றுள் மிகவும் மனிதத்தன்மை வாய்ந்த பக்கங்களுள் ஒன்று என்பேன். ஆனால் வுல்ப்பின் கண்ணுக்கும் மறிச்சுக்கட்டி ஒரு முகாம்தான். முகாமுக்குப் பின்னால் குளத்தையும் வயலையும் நம்பி வாழ்ந்த குடிகள் அவரது எழுத்துக்குள் வரவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிலாவத்துறை, கொண்டச்சி, பொற்கேணி, அகத்திமுறிப்பு, வேப்பங்குளம், பண்டாரவெளி, புதுவெளி, பாலைக்குழி, கரடிக்குழி, மறிச்சுக்கட்டி என்று முசலியில் நிரை நிரையாக முஸ்லிம் கிராமங்கள். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவ்வூர்களும் ஒருசேர வெறுமையாயின. வடக்கு முழுவதிலுமாக வெளியேற்றப்பட்டோர் எழுபத்தையாயிரம் பேரளவில் என்று கணிக்கப்படுகிறது. முசலியார் காட்டு வழியாலும் கடல் வழியாலும் புத்தளம் சேர்ந்தனர். அகதி முகாமின் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. போரின் துயர் முஸ்லிம்களோடு நிற்கவில்லை. 2007 இல் இப்பகுதியைப் படையினர் கைப்பற்றியபோது முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கர் ஊரைவிட்டுப் போக நேர்ந்து, அங்கே கடற்படைத் தளம் அமைந்தது. பத்தாண்டுக்குப் பிறகு 2017 இல் மக்கள் போராடியதன் பின்னரே நிலத்தின் ஒரு பகுதியை விடுவிக்க இணக்கம் ஏற்பட்டது.

2009 இல் போர் முடிந்து மக்கள் திரும்பியபோது இருபதாண்டுக் காடு அவர்களுக்கு முன்னே வந்து குடியேறியிருந்தது. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குழிப் பகுதிகள் வர்த்தமானி மூலம் ஒதுக்கக் காடாக்கப்பட்டன. 2017 மார்ச்சில் அதுவும் அயற்காடுகளும் சேர்த்து 40,000 ஹெக்டேயர் அளவில் மாவில்லு என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டன. தெற்கின் பத்திரிகைகளுக்கு இது வில்பத்துவை முஸ்லிம்கள் அழிக்கும் கதை. முசலியாருக்கு இது வாப்பாவின் வளவுக்குத் திரும்பும் கதை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட முடியாது. கல்லாறு ஒதுக்கக் காட்டில் குடியேற்றத்திற்கெனக் காடழித்தது சட்டவிரோதம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பையும் நாம் மறைக்காமல் எழுதவேண்டும். அழிக்கப்பட்ட காடு எது, பழைய ஊர் எது என்று பிரித்துக்காட்ட ஆவணம் வேண்டும் என்பதையே அதுவும் காட்டுகிறது.

ஆவணம் என்று வரும்போது நாம் எடுத்துக் காட்டுவன எவை? நூற்றாண்டு பழைமையான முத்துக்குளிப்பு அறிக்கைகளில் மறிச்சுக்கட்டி இருக்கிறது என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பாதி உண்மை. அந்த அறிக்கைகள் பேசுவது சில வாரம் நின்ற ஓலை நகரத்தைப் பற்றி. எவரும் அதைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வளவை நிறுவ முடியாது. நிறுவக்கூடியவை வேறு. குளக்கட்டு, கட்டுக்கிணறு, பள்ளிவாசல் அத்திவாரம், மையவாடி, வயற்காணிப் பத்திரம், பாடசாலை வரவு இடாப்பு. வெளியேறியபோது பத்திரங்களைக் கொண்டுவர முடியாதோர் அனேகர். கத்தோலிக்கருக்குக் கோவில் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. நமது பள்ளிவாசல்களில் நிக்காஹ் பதிவுக்கு அப்பால் எழுதிவைக்கும் பழக்கம் குறைவு. அரபு வணிகர் வழிவந்தவர்கள் நாம் என்று பூர்வீகம் எழுதுவதில் நமது எழுத்தாளர் செலவிட்ட தாளில் பத்திலொன்றை முசலிக் குளங்களுக்குச் செலவிட்டிருந்தால் 2012 இன் நிலைமை சற்று வேறாக இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். மாந்தையில் 1980களில் ஜோன் காஸ்வெல் குழுவினர் தோண்டியபோது அப்பாசியர் காலத்து மட்பாண்டங்களும் சீனப் பாத்திரங்களும் ஒன்றாகக் கிடைத்தன. அதனைப் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறோம், காட்டத்தான் வேண்டும். ஆனால் மாந்தைக்கும் 1990 இற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன.

அரிப்புக்குப் போகும் இளம் எழுத்தாளர் எவரும் டொரிக்கின் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே மன்னாருக்குத் திரும்பிவிடவேண்டாம். வீதி சிலாவத்துறைக்கும் கொண்டச்சிக்கும் அப்பால் மறிச்சுக்கட்டி வரை போகிறது. அகத்திமுறிப்புக் குளக்கட்டில் ஏறிப் பார்க்கலாம். 1990 இல் இருபது வயதாயிருந்த பெண்ணுக்கு இப்போது ஐம்பத்தைந்து கடந்துவிட்டது. அன்று எந்தப் பாதையால் நடந்தார்கள், எந்தக் கிணற்றில் நீர் குடித்தார்கள், அந்தக் கிணற்றை வெட்டியவர் யார், வளவின் நாற்புற எல்லையில் நின்ற மரங்கள் எவை, மீன்பிடிக்கப் போன வாப்பா பார்களுக்கு என்னென்ன பெயர் சொன்னார் என்று கேட்டால் அவர் சொல்வார். பேனாவும் கொப்பியும் போதும்.